கூரியர் நிறை வித்தியாசக் காசு: எதனால் வெட்டுப்படுகிறது, எப்படித் தவிர்ப்பது

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: மருதமுனைக் கைத்தறிச் சாரன், சேலை எல்லாம் வீட்டில் வைத்தே ஒன்லைனில் விற்கிறீர்கள், பெரும்பாலும் கேஷ் ஒன் டெலிவரி, கூரியர்காரர் வாசலுக்கே வந்து எடுத்துப்போகிறார், ஆனால் உங்களுக்கு வரவேண்டிய காசு வரும்போது பல பார்சல்களில் 'நிறை வித்தியாசம்' என்று ஒரு தொகையும் அதற்கு மேலே தண்டமாக இன்னொரு தொகையும் வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் 2 கிலோ என்று போட்டது அங்கே 3 கிலோ, 4 கிலோ ஆகியிருக்கிறது. லண்டனில் இருக்கும் மாமி புக் பண்ணி அனுப்பிய பெட்டிக்கும் பிறகு அவருடைய கார்டில் காசு இழுத்திருக்கிறார்கள். இதை எப்படி நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

மட்டக்களப்பில் சின்னச் சின்ன வியாபாரிகளுக்குப் பார்சல் கட்டி அனுப்பிக் கொடுப்பது என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கைத்தறி மாதிரி லாபம் குறைந்த சாமானில் ஒரு பார்சலுக்கு இரண்டு கிலோ கூடக் கணக்குப் போட்டால் உங்களுக்கு மிஞ்சுவதே அதில் போய்விடும், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் ஒரு விசயம். கூரியர் எடுக்கும் நிறையும் நீங்கள் எடுக்கும் நிறையும் ஒரே சாமானுடையது அல்ல. நீங்கள் நிறுத்தது பெரும்பாலும் உள்ளே இருக்கும் துணியை. அவர்கள் நிறுப்பது மூடி, டேப் ஒட்டி, வேபில் (விலாசமும் நம்பரும் உள்ள கூரியர் சீட்டு) ஒட்டி, இரண்டு லொறி மாறி, மழைக்காற்று பட்டு ஹப்புக்கு, அதாவது பார்சல்களைப் பிரிக்கும் மையத்துக்குப் போய்ச் சேர்ந்த பெட்டியை, அதுவும் நிறையை மட்டும் அல்ல, நீள அகல உயரத்தையும் சேர்த்து. பெரிய ஹப்புகளில் பெல்ட்டில் போகும்போதே கீழே தராசு நிறுக்கும், மேலே கமராவோ லேசரோ அளவெடுக்கும், பக்கத்தில் பார்கோட் படிக்கப்படும், மூன்றும் ஒரே நொடியில் உங்கள் வேபில் நம்பருக்குக் கீழே பதிவாகிவிடும். அங்கே யாரும் உங்கள் பெட்டியைக் கையில் எடுத்து யோசிப்பதில்லை. ஆகவே அந்தப் பெல்ட் என்ன பார்க்குமோ அதையே நீங்கள் வீட்டில் பார்த்து எழுதிவிட்டால் வித்தியாசம் என்ற பேச்சே வராது.

அவர்கள் பார்ப்பது மூன்று: உண்மையான நிறை, கனவளவு நிறை, பிறகு மேல்நோக்கி முழுமையாக்குவது. உங்கள் பிரச்சினை இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எதைத் திருத்தினாலும் வெட்டுவது நிற்காது.

முழுமையாக்குவதை முதலில் சொல்கிறேன், அது லேசானது. உள்ளூர் கூரியர்களில் வழக்கமாக முதல் கிலோவுக்கு ஒரு விலை, பிறகு ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் ஒரு விலை. கிலோவுக்கு மேலே கொஞ்சம் போனாலும் அடுத்த கிலோதான். 2 கிலோ 40 கிராம் என்றால் 3 கிலோ. அந்த 40 கிராம் என்பது கொஞ்சம் தாராளமாகச் சுற்றிய டேப்பும் உள்ளே வைத்த ஒரு கார்டும்தான். வெளிநாட்டு எக்ஸ்பிரஸ் கூரியர்களில் இந்தப் படி அரைக் கிலோவாக இருக்கும், அங்கே 2.04 என்பது 2.5 ஆகும். அதனால் எந்தப் பார்சலும் படிக்குக் கிட்ட, உதாரணமாக 1.95, 2.97 என்று வந்து நின்றால் அதை அப்படியே விடாதீர்கள். ஒன்றில் ஏதாவது குறைத்து 1.85க்கு இறக்குங்கள், இல்லையென்றால் நீங்களே அடுத்த கிலோவைப் போட்டு அந்த விலையை வாங்குபவரிடம் எடுங்கள். கிட்டத்தட்ட என்று விட்டதில்தான் தண்டம் வரும். நானென்றால் படிக்கு முன்னால் குறைந்தது 80, 100 கிராம் இடைவெளி இல்லாமல் ஒரு பெட்டியையும் மூடமாட்டேன்.

இரண்டாவது, கனவளவு நிறை. தண்டத்தில் பெரிய பங்கு இதில்தான் இருக்கும் என்று உங்கள் பார்சல்களின் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஒரு எண்ணால் வகுப்பார்கள். டிஎச்எல், ஃபெடெக்ஸ் மாதிரி சர்வதேச எக்ஸ்பிரஸ் நிறுவனங்களில் அந்த எண் 5000. விமானச் சரக்குக் கணக்கில் 6000 பாவிப்பதும் உண்டு. உங்கள் கூரியர் எதைப் பாவிக்கிறது என்பது நீங்கள் கையெழுத்து வைத்த விலைப்பட்டியலில் இருக்கும், அதைத் தேடி எடுத்து முதலில் பாருங்கள். வரும் விடையையும் தராசு காட்டும் நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குத்தான் காசு.

இது அநியாயம் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படிப் படவில்லை. இங்கிருந்து பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகிற லொறியை நினைத்துப் பாருங்கள், அது பாரத்தால் நிரம்புவதைவிட இடத்தால்தான் முதலில் நிரம்புகிறது. காற்று நிரம்பிய பெட்டியை ஏற்றினால் இன்னொருவரின் பெட்டி கீழே நிற்கும். கணக்கு நியாயமானதுதான், ஆனால் அதைச் சின்ன வியாபாரிகளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை, குறை அங்கேதான்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். 40, 30, 20 என்று அளவுள்ள பெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கினால் 24,000. 5000ஆல் வகுத்தால் 4.8, அரைக் கிலோப் படியில் 5 கிலோ. சரி, நீங்கள் 5 என்றே போட்டீர்கள் என்று வைப்போம். ஆனால் சேலைகளைத் திணித்து மூடியதில் மேல்மூடி நடுவில் புடைத்து 23 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. பெட்டியின் ஓரத்தில் அளவு டேப் வைத்து அளந்தால் 20தான் வரும், கமரா அளப்பது மிக உயர்ந்த இடத்தை. 40, 30, 23 பெருக்கினால் 27,600, வகுத்தால் 5.52, அதாவது 6 கிலோ. மூன்று சென்டிமீட்டர் புடைப்புக்கு ஒரு கிலோ. அதற்கு மேலே தண்டம். அளக்கும்போது எப்போதும் புடைத்த இடத்தில், துருத்திய இடத்தில், டேப் மடிந்து நிற்கும் இடத்தில் அளந்து, அரைச் சென்டிமீட்டர் கூட வந்தாலும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி எழுதுங்கள்.

பனையோலைப் பெட்டி, பன்பாய் விற்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. 45, 35, 30 அளவுள்ள பெட்டியில் பனையோலைக் கூடைகளை அடுக்கினால் உண்மையான நிறை இரண்டு கிலோவைத் தாண்டாது, கனவளவில் 9.45, அதாவது 9.5 கிலோ. கூடைகளைச் சின்னதைப் பெரியதுக்குள், அதை இன்னும் பெரியதுக்குள் என்று அடுக்குவதைத் தவிர இதற்கு வேறு வழியே இல்லை, ஆகவே அளவு அளவாகச் செட்டாக விற்பதுதான் புத்தி. பாயைச் சுருட்டினால் உருளையாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கும் சதுரக் கணக்கே: 12 சென்டிமீட்டர் தடிப்பில் 95 நீளச் சுருள் என்றால் 12, 12, 95 என்று பெருக்கி 5000ஆல் வகுத்தால் 2.74 வரும். மிக நீளமான சாமானுக்கு நீளத்துக்கென்றே தனிச் சேர்ஜ் போடும் கூரியர்களும் உண்டு, அதையும் கேட்டு வையுங்கள்.

மனக்கணக்குக்கு ஒரு வழி: 5000 வகுத்தல் என்றால் ஒவ்வொரு 5 லீற்றர் இடத்துக்கும் ஒரு கிலோ. கடையில் வாங்கும் 5 லீற்றர் தண்ணீர்க் கேனின் அளவு இடத்தில் ஒரு கிலோவுக்குக் குறையாமல் சாமான் வைக்கிறீர்களா என்று பாருங்கள். வைக்கிறீர்கள் என்றால் உங்கள் காசு தராசு நிறைக்குத்தான். இல்லை என்றால் பெட்டி பெரிது. நன்றாக மடித்து அமுக்கிய பருத்தித் துணி இந்த அளவைத் தாராளமாகத் தாண்டும். அதனால்தான் சொல்கிறேன், துணி வியாபாரத்தில் கனவளவுக்காகக் காசு கட்டவே தேவையில்லை.

பெட்டியைச் சின்னதாக்குவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள், புதுப்பெட்டி வாங்கத் தேவையில்லை. துணியை அடுக்கி, மேலே உள்ளங்கையால் நன்றாக அமுக்கி, துணி முடிகிற உயரத்தில் பெட்டியின் உட்பக்கம் நான்கு மூலையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். துணியை வெளியே எடுத்துவிட்டு நான்கு மூலை விளிம்பையும் அந்தக் கோடு வரைக்கும் பிளேடால் நேராகக் கீழே கீறுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கோட்டின் மேல் ஒரு அடிமட்டத்தை வைத்து, கத்தியின் மழுங்கிய முதுகால் ஒரு இழுவை இழுத்தால் காட்போட் வெட்டுப்படாமல் ஒரு பள்ளம் விழும், அதில் மடித்தால் மூடி சமமாகப் படியும். நான்கு மடலும் நீளமாக இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், மிஞ்சியதை வெட்டிவிடுங்கள், அதிலும் சில கிராம் குறையும். 20 உயரப் பெட்டி 13க்கு வந்தால் 40, 30, 13 பெருக்கி 15,600, வகுத்தால் 3.12. ஐந்து கிலோவாகக் கணக்கான பெட்டி மூன்றரைக்கு வந்துவிட்டது, உள்ளே இருப்பது அதே சேலைகள்தான்.

ஓரிரு சேலை மட்டும் போவதென்றால் பெட்டியே வேண்டாம், கூரியர் பையே போதும். ஆனால் பையை ஒட்டுமுன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு ஒட்டுங்கள், காற்று அடைபட்டு ஊதி நிற்கும் பையையும் கமரா ஊதிய அளவில்தான் பார்க்கும். கடைகளில் கிடைக்கும் பழைய பிஸ்கட் பெட்டிகளைப் பாவிக்கிறவர்கள் பழைய பார்கோட்டை முழுக்க மறைக்கவேண்டும், பழைய வேபில் ஏதாவது ஒட்டியிருந்தால் உரித்தே எறியவேண்டும். பெட்டி வேறு கணக்கில் போய் விழுந்தால் அதைத் தேடிப் பிடிப்பது பெரிய அலைச்சல்.

சரி, இப்போது உண்மையான நிறை. சாரனின் நிறை இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்து, எண்ணிக்கையால் பெருக்கி வேபிலில் போடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். கைத்தறி மெசினில் வந்த துணி மாதிரி ஒரே நிறையில் இருக்காது, நூலின் தடிப்பு, நெருக்கம், போட்ட கஞ்சி எல்லாம் தறிக்குத் தறி மாறும். அத்தோடு வெறும் பெட்டி, டேப், உள்ளே போடும் பொலித்தீன், நன்றி சொல்லி வைக்கும் கார்ட், இவை எல்லாம் அந்தத் தாளில் இல்லை. ஒவ்வொரு பார்சலையும் கடைசியாக, வேபில் ஒட்டிய பிறகு நிறுத்துப் பாருங்கள். வேபில் அச்சடிக்கவே நிறை வேண்டும் என்றால் ஒரு வெற்று வேபிலையும் அதன் பிளாஸ்டிக் உறையையும் மேலே வைத்து நிறுங்கள்.

தேன் விற்கும் உங்கள் கூட்டாளிக்கும் இதைச் சொல்லுங்கள். 750 மில்லிப் போத்தலை 750 கிராம் என்று போடுகிறார்கள். தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு பாரம், உள்ளே இருக்கும் தேனே ஒரு கிலோவைத் தாண்டிவிடும், கண்ணாடிப் போத்தலின் நிறை அதற்கு மேலே, உடையாமல் சுற்றுவது அதற்கும் மேலே. அது என்றைக்கும் 2 கிலோப் பார்சல்தான். தேங்காய் எண்ணெய் இதற்கு நேர்மாறு, தண்ணீரைவிட லேசு.

பிறகு ஈரம், இதை எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கணக்கில் எடுக்கவேண்டும். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் நார். 65 வீத ஈரப்பதனும் 20 பாகை வெப்பமும் உள்ள சோதனைக் கூடத்திலேயே காய்ந்த பருத்தி தன் நிறையில் 8.5 வீத அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பது நூல் வியாபாரத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது கல்முனையிலும் மட்டக்களப்பிலும் காற்றில் இருக்கும் ஈரம் அதைவிட எவ்வளவோ அதிகம், துணி பிடிக்கும் ஈரமும் கூடும். 3 கிலோத் துணியில் நாலு வீதம் கூடினாலே 120 கிராம். காட்போட் பெட்டியும் ஈரம் குடிக்கும். வெயில் நாளில் நிறுத்துக் கட்டி வைத்த 2.93 கிலோப் பெட்டி, மழைக்குள் ஒரு வாரம் கிடந்துவிட்டுப் போனால் 3ஐத் தாண்டுவதில் அதிசயம் இல்லை. ஆகவே மாரி காலத்தில் துணியைக் காற்றுப் புகாத பொலித்தீனில் போட்டு ஒட்டுங்கள், பெட்டிகளை வெறும் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், எடுத்துப்போகிற நாளிலேயே நிறுங்கள், படிக்கு முன்னால் விடும் இடைவெளியை 150 கிராமாக்குங்கள். உப்புப் போட்ட கருவாட்டுக்கும் இதே பாடுதான், அதை எடுக்காத கூரியர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

தராசு. பயணப் பெட்டி தூக்கிப் பார்க்கிற தொங்கு தராசைப் பார்சலுக்குப் பாவிக்காதீர்கள், கை ஆடினால் எண் ஆடும். 30 கிலோ வரை நிறுக்கும், 5 அல்லது 10 கிராம் படியில் காட்டும் மேசைத் தராசு ஒன்று வாங்குங்கள், இரண்டு மூன்று மாதத் தண்டக் காசிலேயே அது வந்துவிடும். அதை மெத்தைமேலோ பாய்மேலோ வைக்காமல் கெட்டியான சமதளத்தில் வையுங்கள். மேலே ஓடும் ஃபானை நிறுத்துங்கள், பெரிய பெட்டியின் பரந்த மேல்பக்கத்தில் காற்று அடிக்கும்போது எண் ஒரு இடத்தில் நிற்காது. பெட்டி தட்டைவிடப் பெரிதாகி ஓரம் மேசையிலோ சுவரிலோ முட்டினால் நிறை குறைத்துத்தான் காட்டும். தட்டின்மேல் ஒரு சின்ன உறுதியான பெட்டியைக் கவிழ்த்து வைத்து, டேர் அமத்திச் சைபருக்குக் கொண்டுவந்து, அதன்மேல் பார்சலை வையுங்கள், நான்கு பக்கமும் எதிலும் படாமல் நிற்கும்.

தராசு சரியா என்று பார்க்க, சந்தையில் முத்திரை குத்திய படிக்கல் வைத்திருக்கும் கடைக்காரரிடம் 1 கிலோ, 5 கிலோ இரண்டையும் வாங்கி வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. 1 கிலோவில் சரியாகக் காட்டி 5 கிலோவில் 60, 70 கிராம் விலகும் தராசுகள் இருக்கின்றன. தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள், மூலைக்கு மூலை மாறினால் அந்தத் தராசு வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த தராசு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசயம், இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. மின்னணுத் தராசு உண்மையில் அளப்பது பூமி இழுக்கும் விசையைத்தான். அந்த இழுவை லண்டனில் 9.81, நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கும் நமக்கு 9.78. அங்கே சரிபார்த்துச் செட் பண்ணிய தராசை இங்கே கொண்டுவந்தால் சுமார் 0.3 வீதம் குறைத்துக் காட்டும், 10 கிலோப் பெட்டிக்கு ஏறக்குறைய 30 கிராம். சாரன் பார்சலுக்கு இது பெரிதல்ல, படிக்குக் கிட்ட நிற்கும் பெரிய பெட்டிக்கு இது போதும். தராசில் கலிப்ரேஷன் வசதி இருந்தால் இங்கத்தைய படிக்கல்லை வைத்து ஒருமுறை திருத்திவிடுங்கள்.

இவ்வளவும் இனிப் போகிற பார்சலுக்கு. ஏற்கெனவே வெட்டியதை எப்படிப் பார்ப்பது? கூரியர் அனுப்பும் கணக்குத் தாளை எக்செல்லில் எடுத்து, வேபில் நம்பர், நீங்கள் போட்ட நிறை, அவர்கள் போட்ட நிறை, பெட்டியின் அளவு, திகதி என்று வரிசையாக வையுங்கள். தாளில் முழுக் கிலோ மட்டும்தான் இருக்கிறது என்றால், ஹப்பில் எடுத்த உண்மையான நிறையையும் மூன்று அளவுகளையும் தனித்தனியாகத் தரும்படி ஈமெயிலில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். அது கையில் வந்தவுடன் காரணம் தானாகவே தெரியும். எல்லாப் பார்சலிலும் ஒரே வீதத்தில், 1 கிலோவுக்கு 30 கிராம், 5 கிலோவுக்கு 150 கிராம் என்று விலகினால் யாரோ ஒருவரின் தராசு பிழை. சின்னதோ பெரிதோ எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே 200 கிராம் என்றால் நீங்கள் பெட்டியையும் டேப்பையும் சேர்க்காமல் விடுகிறீர்கள். குறிப்பிட்ட ஒரு பெட்டியில் போனவற்றுக்கு மட்டும் வெட்டியிருந்தால் அது கனவளவு, அவர்கள் போட்ட கிலோவை 5000ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் பெட்டியின் நீள அகல உயரப் பெருக்கத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். மழை மாதங்களில் மட்டும் என்றால் மேலே சொன்ன ஈரம். இவை ஒன்றிலும் சேராமல், 1 கிலோப் பார்சல் ஒன்று திடீரென்று 7 கிலோ என்று காட்டியிருந்தால் பெல்ட்டில் இன்னொருவரின் பெட்டி பக்கத்தில் முட்டியிருக்கும், அல்லது வேபில் மாறியிருக்கும். வழக்குப் பேசவேண்டியது இந்தக் கடைசி வகைக்கும், அவர்கள் தராசு பிழை என்று தெரிகிற முதல் வகைக்கும்தான். மற்றவற்றுக்குச் சண்டை பிடித்துக்கொண்டு இருந்தால் உங்கள் நேரம்தான் போகும், அதைத் திருத்திக்கொண்டு முன்னே போங்கள்.

வழக்குப் பேச ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு போட்டோ: பார்சல் தராசின்மேல், தராசின் எண்ணும் வேபில் நம்பரும் ஒரே படத்தில் வாசிக்கக்கூடியதாக. கொஞ்சம் பெரிய பெட்டி என்றால் அளவு டேப் வைத்த நிலையில் நீளம், அகலம், உயரம் என்று இன்னும் மூன்று. எண் ஒரு படத்திலும் வேபில் இன்னொரு படத்திலும் இருந்தால் யாரும் ஏற்கமாட்டார்கள், அது எந்தப் பார்சலும் ஆகலாம். படங்களைத் திகதி வாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்தப் பார்சலின் காசு கைக்கு வந்து சேரும்வரை அழிக்காதீர்கள். முறைப்பாடு கொடுக்க நாள் எல்லை ஒப்பந்தத்தில் இருக்கும், பல இடங்களில் அது சில நாட்கள்தான், மாதக் கடைசியில் பார்ப்போம் என்று விட்டால் உரிமை போய்விடும். ஹப்பில் அளவெடுத்த படத்தையும் கேளுங்கள், கமரா வைத்து அளப்பவர்களிடம் அது பொதுவாக இருக்கும்.

எடுக்க வரும் தம்பிமார் "ஒரு கிலோ என்று போடுங்க அக்கா, பரவாயில்ல" என்பார்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அவரிடம் தராசும் இல்லை, ஆனால் அவர் வாய்ச்சொல் ஹப்பின் பெல்ட்டுக்குத் தெரியாது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தெரிந்தே குறைத்துப் போடுவதில் ஒருபோதும் லாபம் இல்லை, மாட்டாமல் போன ஐந்து பார்சலில் மிச்சம் பிடித்ததை மாட்டிய ஒரு பார்சல் கொண்டுபோய்விடும், அத்தோடு அந்தக் கணக்கிலிருந்து போகும் எல்லாப் பார்சலையும் சந்தேகத்தோடு நிறுக்கத் தொடங்குவார்கள், அப்புறம் உண்மையான வழக்கோடு போனாலும் உங்களை நம்பமாட்டார்கள். கிளை பக்கத்தில் இருந்தால் வாரத்தில் ஒருநாளாவது நீங்களே கொண்டுபோய், கவுண்டரில் உங்கள் கண்முன்னே நிறுத்து, அந்த எண் அச்சான ரசீதை வாங்குங்கள். உங்கள் தராசும் அவர்கள் தராசும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

கவுண்டர்த் தராசே பிழை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின்படி வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசுகள் வருடா வருடம் பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்படவேண்டும். தராசில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. இல்லையென்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் மாவட்டப் பிரிவில் முறையிடலாம். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டக்காரரும் அவரவர் கச்சேரிக்குப் போகவேண்டும்.

கேஷ் ஒன் டெலிவரியில் திரும்பி வரும் பார்சல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தாளில் பார்த்திருப்பீர்கள். சில நிறுவனங்கள் திரும்பி வருவதற்கும் நிறைப்படி காசு எடுக்கின்றன, அப்படியானால் பிழையாகப் பதிந்த நிறை இரண்டு தரம் வெட்டும். திரும்பி வந்ததைத் திறக்குமுன் ஒருமுறை நிறுத்துப் படம் எடுங்கள், போகும்போது எடுத்த படத்தோடு சேர்த்துக் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இனி மாமியின் பெட்டி. அங்கே பலர் கூரியர் நிறுவனத்திடம் நேரே புக் பண்ணுவதில்லை, பல கூரியர்களின் விலையை ஒரே இடத்தில் காட்டி விற்கும் இடைத்தரகு இணையத்தளத்தில் புக் பண்ணுகிறார்கள், விலை மலிவு என்பதால். அங்கே நிறையும் அளவும் வாடிக்கையாளர் தட்டச்சுச் செய்வதுதான். கூரியர் ஹப்பில் கூட வந்தால் வித்தியாசத்தைத் தரகரிடம் எடுக்கும், தரகர் அதன்மேல் நிர்வாகக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்து, சேமித்து வைத்த கார்டிலிருந்து எடுப்பார், புக் பண்ணும்போது சம்மதம் என்று டிக் போட்ட விதிகளில் அது எழுதியிருக்கும். மாமியிடம் சொல்லுங்கள்: குளியலறைத் தராசில் ஏறி நின்று பெட்டியைத் தூக்கிப் பிடித்துக் கழித்துப் பார்ப்பது போதாது, அது அரைக் கிலோ ஒரு கிலோ முன்னே பின்னே போகும். பெட்டியைப் பக்கத்துத் தபால் கவுண்டருக்குக் கொண்டுபோய் நிறுக்கச் சொல்லலாம், இல்லையென்றால் ஒரு கிலோ கூட்டியே புக் பண்ணலாம், கூடுதலாகப் புக் பண்ணிய அந்த ஒரு கிலோவின் விலை தண்டத்தைவிடப் பொதுவாகக் குறைவு. துணி, விளையாட்டுச் சாமான் என்று அவர் அனுப்பும் பெரிய பெட்டிகளில் தராசைவிட அளவு டேப்தான் முக்கியம், மூன்று பக்கத்தையும் அளந்து 5000ஆல் வகுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இங்கிருந்து லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ ஓரிரு சேலை அனுப்புவதென்றால் கூரியரை விட்டுவிட்டுத் தபால் கந்தோரில் கேட்டுப் பாருங்கள். உலகத் தபால் விதிகளின்படி சின்னப் பொதி என்பது 2 கிலோ வரை, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்டிமீட்டருக்குள், எந்த ஒரு பக்கமும் 60ஐத் தாண்டாமல் இருக்கவேண்டும். இந்த எல்லைக்குள் இருந்தால் காசு தராசு காட்டும் நிறைக்குத்தான், கனவளவுக் கணக்கு இல்லை. கவுண்டரிலேயே நிறுத்து அங்கேயே காசு கட்டுவதால் பிறகு வந்து வெட்டுகிற வேலையும் இல்லை. போய்ச் சேர நாள் எடுக்கும், அதை வாங்குபவரிடம் முதலே சொல்லிவிடுங்கள், பதிவுத் தபாலில் போட்டு நம்பரை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பெரும்பாலானவர்கள் பொறுத்திருப்பார்கள்.

கடைசி மூன்று மாதக் கணக்குத் தாளை மேலே சொன்ன மாதிரி அடுக்கிவிட்டு, எந்த வகையில் விழுகிறது என்று எழுதுங்கள் தங்கச்சி. பெல்ட்டில் பிழை நடந்த வகை என்றால் முறைப்பாட்டு ஈமெயிலில் என்ன என்ன வரவேண்டும் என்று எழுதித் தருகிறேன்.